நம் ஊர்ச் சின்னத்தில் மிளகு உண்டு, பால்மரம் இல்லை



பத்து பாகாட்டில் வாழும் நம் பிள்ளைகளிடம் சோழர் கொடியில் என்ன இருந்தது என்று கேட்டால் “புலி” என்று உடனே விடை வரும். பாண்டியர்க்கு மீன், சேரர்க்கு வில் என்பதும் வந்துவிடும். தமிழ்ப்பள்ளிகள் அந்த அளவுக்கு நன்றாகவே கற்பித்து வந்திருக்கின்றன. ஆனால், அதே பிள்ளைகள் நாள்தோறும் காணும் ஜொகூர் மாநிலச் சின்னத்தில் என்னென்ன இருக்கின்றன, அவை ஏன் இருக்கின்றன என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். அரசு அலுவலகங்களின் வாயிலிலும் கடிதத் தலைப்புகளிலும் காணும் அச்சின்னம், கண்ணில் பட்டும் கருத்தில் படாத ஒன்றாகவே இருக்கிறது.

இது பொது அறிவுப் போட்டிக்கான குறை என்று நான் கருதவில்லை. தான் வாழும் ஊரின் அடையாளத்தைப் படிக்கத் தெரியாத பிள்ளை, அந்த ஊரில் விருந்தாளியைப் போலவே வளரும். நான்கைந்து தலைமுறையாக இந்த மண்ணில் உழைத்த குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்த நிலை வரக்கூடாது. ஊர்ச் சின்னத்தையும் ஊர்ப் பெரியோரையும் தமிழ்ப்பள்ளியில் நாம் கற்பிக்க வேண்டும்; அதோடு, அந்தப் பட்டியலில் விடுபட்டுப் போன நம்மவரையும் நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். இதுவே என் துணிபு.

சின்னம் என்பது ஓர் எழுத்து

சின்னத்தைப் பார்ப்பது வேறு, படிப்பது வேறு. ஐரோப்பாவில், குறிப்பாக ஸ்பெயின் நாட்டில், சிற்றூர்களுக்குக்கூடத் தனித்தனிச் சின்னம் உண்டு. கேடய வடிவில் அமைந்த அச்சின்னத்தை ஊராட்சி மன்றக் கட்டடத்தின் முகப்பில் பொறித்து வைத்திருப்பார்கள். அவற்றுள் பல, ஊரின் பெயரையே படமாகச் சொல்பவை. ‘கிரனாடா’ என்றால் ஸ்பானிய மொழியில் மாதுளை. ஆகவே அந்நகரின் அடையாளம் மாதுளம்பழம். ‘லியோன்’ பகுதிக்குச் சிங்கம். ‘காஸ்டில்’ பகுதிக்குக் கோட்டை. எழுதப் படிக்கத் தெரியாத உழவனும் சின்னத்தைப் பார்த்தவுடன் ஊரைச் சொல்லிவிட முடியும். தலைநகர் மட்ரிட்டுக்கோ மரத்தின்மீது கால் ஊன்றி நிற்கும் கரடி அடையாளம். நகர நடுவே அதற்குச் சிலையும் உண்டு.

நம் முன்னோர்க்கும் இக்கலை புதிதன்று. சோழர் செப்பேடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரையில் அமர்ந்த புலியோடு இரண்டு மீன்களும் வில்லும் சேர்ந்தே இருக்கும். மேலே குடையும் பக்கங்களில் சாமரமும் காணப்படும். தன் புலியோடு பாண்டியனின் மீனையும் சேரனின் வில்லையும் சேர்த்துப் பொறித்ததன்வழி, “மூன்று நாடும் என் ஆட்சியில்” என்று ஒரு வரிகூட எழுதாமல் அறிவித்துவிட்டான் சோழன்.

அண்டை நாடான சிங்கப்பூர் 1959-இல் தனக்கென ஒரு சின்னத்தை அமைத்துக் கொண்டது. கேடயத்தின் ஒரு பக்கம் சிங்கம், மறு பக்கம் புலி. சிங்கம் சிங்கப்பூரைக் குறிக்கிறது. புலி, மலாயாவோடு அதற்கிருந்த வரலாற்றுத் தொடர்பைக் குறிக்கிறது. 1965-இல் அரசியல் உறவு முறிந்த பிறகும் அந்தப் புலியை அவர்கள் அகற்றவில்லை. பழைய உறவொன்றை ஒரு நாடு தன் சின்னத்திலேயே காத்து வருவதை மாணவர்களுக்குச் சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடித்துக் கொள்வார்கள்.

ஜொகூர்ச் சின்னத்தைப் படிப்போம்

இனி நம் மாநிலத்திற்கு வருவோம். ஜொகூர்ச் சின்னம் சுல்தான் அபு பக்கார் காலத்தில் உருப்பெற்றது. அவர் 1862 முதல் 1895 வரை ஆண்டவர். 1886-இல் சுல்தானாக முடிசூடியவர். சின்னத்தின் உச்சியில் உள்ள மணிமுடி அரசுரிமையைக் காட்டுகிறது. நடுவில் கேடயம். கேடயத்தில் பிறையும் விண்மீனும். இருபுறமும் இரண்டு புலிகள். அடியில் உள்ள பட்டையில் சாவி எழுத்தில் ‘கெபாடா அல்லா பெர்செரா’ என்னும் வாசகம். இறைவனிடமே ஒப்படைக்கிறோம் என்பது அதன் பொருள்.

கேடயத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு சிறு விண்மீன்கள் உள்ளன. அவை ஜொகூரின் தொடக்ககாலப் பகுதிகளான ஜொகூர் பாரு, மூவார், பத்து பாகாட், எண்டாவ் ஆகிய நான்கையும் குறிப்பதாக விளக்கம் தரப்படுகிறது. அப்படியானால், நம் ஊர் மாநிலச் சின்னத்திலேயே ஒரு விண்மீனாக இடம்பெற்றிருக்கிறது! இதைக் கேட்ட மாணவர்களின் முகத்தில் தோன்றும் பெருமையை நான் கண்டிருக்கிறேன். ஊரைப் பற்றிய கட்டுரை எழுதச் சொன்னால் பேரங்காடியைப் பற்றி மட்டுமே எழுதிய பிள்ளைகள் அதன்பின் விண்மீனைப் பற்றியும் எழுதுகிறார்கள்.

நாட்டின் சின்னத்திலும் நமக்கு இடமுண்டு. மலேசியச் சின்னத்தின் கேடயத்தில் மேல்வரிசையில் ஐந்து கிரீஸ் கத்திகள் உள்ளன. கூட்டு மலாய் மாநிலங்களில் சேராமல் தனித்து நின்ற ஐந்து மாநிலங்களை அவை குறிக்கின்றன: ஜொகூர், கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு. கேடயத்தைத் தாங்குபவை அங்கும் இரண்டு புலிகளே. ஜே.டி.டி. காற்பந்துக் குழுவின் சட்டையை அணிந்து வரும் மாணவனிடம் அந்தப் புலி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பாடம் அங்கேயே தொடங்கிவிடும். 2022-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின் முடிவின்படி, காட்டில் எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்பதையும் சேர்த்துச் சொன்னால், அது வெறும் படமாக நின்றுவிடாது.

மிளகும் கம்பீரும்

சின்னத்தின் கீழ்ப்பகுதியில் கொடியும் இலையுமாக இரண்டு செடிகள் உள்ளன. ஒன்று மிளகு. மற்றொன்று கம்பீர். மிளகைப் பற்றித் தமிழர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பீர் என்பது வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் காசுக்கட்டியைப் போன்ற ஒரு பொருளைத் தரும் செடி. அதன் இலைகளைக் கொப்பரையில் வேக வைத்து, சாற்றைச் சுண்டக் காய்ச்சிக் கட்டியாக்குவார்கள். தோல் பதனிடுவதற்கும் சாயத்திற்கும் ஐரோப்பாவில் அதற்குப் பெருந்தேவை இருந்தது. காய்ச்சி முடித்த இலைச் சக்கையை மிளகுக் கொடியின் அடியில் உரமாக இடுவார்கள். அதனால்தான் இரண்டையும் ஒன்றாகவே பயிரிட்டனர். சின்னத்திலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன.

இத்தோட்டங்களைப் போட்டவர்கள் சீனர்கள். ஓர் ஆற்றின் கரையில் காட்டை வெட்டிக் குடியேறிப் பயிரிட ஆட்சியாளர் ஒரு சீனத் தலைவருக்கு உரிமைக் கடிதம் கொடுப்பார். அத்தலைவருக்குக் ‘காங்சூ’ என்று பெயர். 1840-களில் தொடங்கிய அம்முறை 1917-இல் சட்டப்படி நீக்கப்பட்டது. ஜொகூர் அரசின் கருவூலத்தை நெடுங்காலம் நிரப்பியவை அந்த மிளகும் கம்பீரும்தாம். ஒரு மலாய் அரசின் சின்னத்தில் சீன உழைப்பாளிகளின் பயிர் இடம்பெற்றிருக்கிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இதை ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் விளக்கிக் கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “ஐயா, எங்க தாத்தா பாட்டியெல்லாம் பால்மரம்தானே வெட்டினாங்க? அது ஏன் இதில் இல்லை?”

நல்ல கேள்வி. அதற்குரிய விடை ஆண்டுக் கணக்கிலேயே இருக்கிறது. இரப்பர்க் கன்றுகள் இருபத்திரண்டு 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. வணிக நோக்கில் முதன்முதலாக இரப்பரைப் பயிரிட்டவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான், ஆண்டு 1896. அதற்கு முந்தைய ஆண்டே சுல்தான் அபு பக்கார் இலண்டனில் காலமாகிவிட்டார். அவருடைய சின்னம் உருவான காலத்தில் ஜொகூரில் இரப்பர்த் தோட்டம் கிடையாது. தோட்டங்கள் பெருகியதும், கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களுக்குச் சென்று ஆள் சேர்த்து வந்ததும், 1907-இல் தமிழ்த் தொழிலாளர் குடியேற்ற நிதி ஏற்பட்டதும், ஜொகூர் இரயில் பாதை 1909-இல் முடிந்ததும் எல்லாம் பிறகு நடந்தவை. சின்னம் தன் காலத்தை எழுதிக் கொண்டு நின்றுவிட்டது. நாம் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தோம்.

எனவே, யாரோ வேண்டுமென்றே நம்மை விட்டுவிட்டார்கள் என்று அந்த மாணவியிடம் சொன்னால் அது பொய்யாகும். சின்னத்தில் இல்லாததால் நமக்கு இங்கே பங்கில்லை என்று அவள் எண்ணி வளர்ந்தாலும் அது பொய்யே. எந்தச் சின்னமும் ஊரின் முழு வரலாறு ஆகாது. அது வரையப்பட்ட நாள்வரைதான் அதற்குத் தெரியும். அதற்குப் பின் நடந்தவற்றை எழுதுவது பின்வந்தவர்களின் கடமை.

கல்லும் உளியும்

நம் ஊருக்கோ பெயரே ஒரு சின்னம். ‘பத்து’ என்றால் கல். ‘பாகாட்’ என்றால் உளி, செதுக்குதல். கிரனாடாவுக்கு மாதுளை போல நமக்குக் கல்லும் உளியும். மிஞ்ஞாக் பெக்குவில் பாறையில் செதுக்கிய பழங்கிணறு ஒன்று உள்ளது. மலாக்காவைத் தாக்க வந்த சயாம் படையினர் குடிநீருக்காகப் பாறையைக் குடைந்தனர் என்றும், அதனால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

சயாம் படையெடுப்பு மலாய் வரலாற்று இலக்கியமான ‘செஜாரா மெலாயு’வில் இடம்பெற்ற செய்தி. 1456-இல் கடல்வழி வந்த சயாம் கப்பற்படையைத் துன் பேராக் இந்தக் கரையோரத்தில் எதிர்கொண்டார். இரவில் கரையோர மரங்களில் தீப்பந்தங்களைக் கட்டி ஏற்றச் செய்தார். எண்ணற்ற கப்பல்கள் அணிவகுத்து நிற்பதாக எண்ணிப் பகைவர் திரும்பிச் சென்றனர் என்பது கதை. பின்னர் துன் பேராக் மலாக்காவின் பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர் ஆனார். அவருக்காக அப்பதவியை விட்டுக் கொடுத்தவர் தமிழ் முஸ்லிம் வழிவந்த துன் அலி. பத்து பாகாட்டின் பழங்கதையிலேயே தமிழ் வேர் ஒன்று ஓடுகிறது பாருங்கள். இதனை எத்தனை தமிழ் மாணவர்கள் அறிவார்கள்?

சிம்பாங் கானான், சிம்பாங் கிரி என்னும் இரண்டு ஆறுகள் கூடி நம் ஆறு பிறக்கிறது. பழைய ஐரோப்பியக் கடல் வரைபடங்களில் அதற்கு ‘ரியோ ஃபொர்மோசோ’ என்று பெயர். அழகிய ஆறு என்பது அதன் பொருள். போர்த்துகீசிய மாலுமியின் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த ஆற்றை நம் பிள்ளைகள் பேருந்துச் சன்னல் வழியே ஒருமுறை நிமிர்ந்து பார்க்கட்டும் என்பது என் ஆசை.

பிறந்தவர் மட்டுமா ஊர்க்காரர்?

அடுத்து, ஊர்ப் பெரியோர். ஸ்பெயின் ஊர்களில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஊருக்குப் பெருமை சேர்த்தவர்களுக்கு ஊராட்சி மன்றம் பட்டம் வழங்கும். அந்த ஊரில் பிறந்தவராயின் ‘விருப்ப மைந்தர்’ என்பது போன்ற பட்டம். வேறு ஊரில் பிறந்து வந்தவராயின் ‘தத்து மைந்தர்’ என்பது போன்ற பட்டம். மண்ணில் பிறந்தவருக்கும் மண்ணுக்கு உழைத்தவருக்கும் தனித்தனியே மதிப்பு உண்டு.

இந்த அளவுகோலை நம் ஊருக்கு வைத்துப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. பத்து பாகாட்டின் வரலாற்றில் முதலில் நிற்கும் பெரும் பெயர்கள் பல, தத்து மைந்தர்களின் பெயர்களே.

டத்தோ பெந்தாரா லுவார் முகம்மது சாலே பின் பேராங் 1841-இல் சிங்கப்பூரில் பிறந்தவர். சீனம் கற்றவர், நில அளவை கற்றவர். 1883-இல் சுல்தான் அபு பக்காருடன் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் சென்று வந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பத்து பாகாட்டைத் திறந்து நகராக்கிய பெருமை அவருக்கு உரியது. தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி வைத்தார். மலாய் மொழியின் தொடக்ககாலத் தன்வரலாறுகளில் ஒன்றாக அறிஞர்கள் அதனைப் போற்றுகின்றனர். ஊரை அமைத்தவர் எழுதியும் வைத்தார் என்பதைக் கவனியுங்கள். எழுதியதால்தான் இன்று அவரை நாம் விரிவாக அறிகிறோம்.

டத்தோ ஓன் ஜாபார் 1895-இல் ஜொகூர் பாருவில் பிறந்தவர். போர் முடிந்த 1945-இல் பத்து பாகாட்டின் மாவட்ட அதிகாரியாக இருந்தார். அந்தக் குழப்பமான நாள்களில் இம்மாவட்டத்தில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே மூண்ட கொடிய மோதலைத் தணிக்க நேரில் சென்று பேசியவர் அவர். 1946-இல் அம்னோவைத் தோற்றுவித்தார். 1951-இல் எல்லா இனத்தவருக்கும் இடமளிக்கும் கட்சி வேண்டும் என்று அதிலிருந்து விலகி, மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். அவர் மகன் துன் உசேன் ஓன் நாட்டின் மூன்றாம் பிரதமர் (1976–1981). அவரும் ஜொகூர் பாருவில் பிறந்தவரே. ஆயினும் நம் மாவட்டத்தின் ஸ்ரீ காடிங் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். நகரில் உள்ள ஆசிரியர் பயிற்சிக் கழகத்திற்கும் பரிட் ராஜாவில் உள்ள பல்கலைக்கழகத்திற்கும் அவர் பெயர்தான் சூட்டப்பட்டுள்ளது. அக்கழகத்தின் பெயர்ப்பலகையை நாள்தோறும் கடந்து செல்வோருள் எத்தனை பேர் அப்பெயருக்குரியவரை நினைத்துப் பார்க்கிறோம்?

இம்மண்ணிலேயே பிறந்த பெருமக்களும் உண்டு. சையத் நாசீர் இஸ்மாயில் 1921-இல் பத்து பாகாட்டில் பிறந்தவர். டேவான் பகாசா டான் புஸ்தாக்காவின் இயக்குநராக இருந்து மலாய் மொழி வளர்ச்சிக்குப் பாடுபட்டவர். பின்னர் மக்களவைத் தலைவரானவர். தாய்மொழிக்காக ஒருவர் எப்படி ஒரு நிறுவனத்தையே வளர்த்தெடுக்க முடியும் என்பதற்கு அவரைத் தமிழாசிரியர்களாகிய நாமும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

இன்னொரு வகை ஊரார் இருக்கிறார்கள். அவர்கள் இங்கே பிறக்கவும் இல்லை, வாழவும் இல்லை, இறந்தார்கள். 1942 ஜனவரியில் பக்ரியிலிருந்து பின்வாங்கிய ஆஸ்திரேலிய, இந்தியப் படைப்பிரிவுகள் பரிட் சூலோங் பாலத்தருகே ஜப்பானியரிடம் சிக்கின. நடக்க முடிந்தவர்கள் காட்டு வழியே தப்பினர். விட்டுச் செல்ல வேண்டியிருந்த காயமுற்றோர் ஜனவரி 22-இல் கொல்லப்பட்டனர். ஆஸ்திரேலியர் ஏறத்தாழ 110 பேர், இந்தியர் ஏறத்தாழ 40 பேர். அங்கே இன்று நினைவுச் சின்னம் உள்ளது. பள்ளிச் சுற்றுலா என்றதும் கேளிக்கைப் பூங்காவை மட்டுமே நினைக்கும் நாம், அரைமணி நேரப் பயணத்தில் உள்ள இந்த இடத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருக்கிறோமா?

நம் பட்டியல் எங்கே?

மேற்சொன்ன பெரியோர் பட்டியலில் தமிழ்ப்பெயர் ஏன் குறைவு? தமிழர் உழைக்காததால் அன்று, எழுதி வைக்காததால். தோட்டத்து ஒற்றை அறைப் பள்ளியில் ஆறு வகுப்புகளையும் தனியொருவராகக் கட்டி மேய்த்த ஆசிரியர், கோயில் கட்டப் பிடியரிசி சேர்த்த பெண்கள், தொழிற்சங்கக் கூட்டத்திற்கு மிதிவண்டியில் சென்று வந்த பால்மர வெட்டுத் தொழிலாளி, சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாமற்போன இளைஞர்கள் ஆகியோரின் பெயர்கள் இன்று சில குடும்பங்களின் நினைவில் மட்டுமே உள்ளன. அந்த நினைவும் எண்பது வயதைக் கடந்த பாட்டிமாரிடமும் தாத்தாமாரிடமும் இருக்கிறது. இன்னும் பத்தாண்டுகளில் அதைக் கேட்க நமக்கு ஆளிருக்காது. அவசரம் இதுதான்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். நாட்டில் பல தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் ‘தோட்டம்’ என்னும் சொல் இருக்கிறது. தோட்டம் விற்கப்பட்டுவிட்டது, லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன, பள்ளி மட்டும் நகர்ப்புறத்திற்கு மாறி வந்திருக்கிறது. “இன்னும் எதற்குத் தோட்டம் என்ற பெயர்? பிள்ளைகளுக்கு வெட்கமாக இருக்கிறது” என்று பெற்றோர் சிலர் கேட்பதை நான் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு என் பணிவான விடை இது. இரப்பர்த் தோட்டத்திற்கு மாநிலச் சின்னத்தில் இடம் கிடைக்கவில்லை. நூறாண்டு உழைப்புக்குப் பொதுவெளியில் எஞ்சியிருக்கும் எழுத்துச் சான்று, பள்ளிப் பெயர்ப்பலகையில் உள்ள அந்த ஒரு சொல்தான். அதையும் நாமே அழித்துவிட்டால், பிறகு யாரை நொந்து என்ன பயன்?

சில மறுப்புகள்

“இதெல்லாம் தேர்வுக்கு வராதே” என்பது முதல் மறுப்பு. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. இருபது ஆண்டுகளாக அதைக் காட்டி நாம் ஒதுக்கி வைத்த பலவற்றிற்கு இப்போது வாய்ப்பு வந்திருக்கிறது. மேலும், 2014 முதல் தொடக்கப்பள்ளியின் நான்காம் ஆண்டில் வரலாறு தனிப்பாடமாக வந்துவிட்டது. ஊர்ச் சின்னத்தைப் படிப்பது அப்பாடத்திற்கு வலுச் சேர்க்குமே தவிர, சுமை ஆகாது.

“தமிழ்ப்பள்ளியில் தமிழர் வரலாற்றைக் கற்பித்தால் போதாதா?” என்பது இரண்டாம் மறுப்பு. சோழர் புலியைக் கற்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே விரும்பிக் கற்பிப்பவன். ஆனால், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய புலியை மட்டும் அறிந்த பிள்ளைக்கு, தன் பெருமை எல்லாம் வேறெங்கோ, வேறெப்போதோ இருந்தது என்ற எண்ணம் வந்துவிடும். பாட்டி மரம் வெட்டிய மண்ணும் பெருமைக்குரியதே என்று அதற்குச் சொல்லித் தருவோர் வேண்டும்.

“சின்னத்தில் பிறையும் சமய வாசகமும் உள்ளனவே, நமக்கு எதற்கு?” என்றும் சிலர் மெல்லக் கேட்பர். பிறர் போற்றுவதன் பொருளை அறிந்து மதிப்பதால் நம் சமயம் குறைந்துவிடாது. பொருள் தெரியாமல் ஒதுங்கி நிற்பதுதான் அயன்மையை வளர்க்கும்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

குறை சொல்வதோடு நிற்காமல், செய்யக்கூடிய சிலவற்றை முன்வைக்கிறேன். நானும் இவற்றுள் சிலவற்றைச் செய்து பார்த்திருக்கிறேன்.

1. சொல்லிலிருந்து படம்: ஐரோப்பியச் சின்னக் கலையில் ஒரு விதி உண்டு. சின்னத்திற்குச் சொற்களால் அமைந்த விளக்கமே மூலம். அதைக் கேட்டு எந்த ஓவியரும் வரைய முடிய வேண்டும். இதை மொழிப்பாடமாக்குங்கள். ஒரு மாணவர் ஜொகூர்ச் சின்னத்தைத் தமிழில் விளக்கட்டும். மற்றொருவர் பார்க்காமல் வரையட்டும். ‘மேலே, கீழே, இருபுறமும், நடுவில்’ என்னும் சொற்களின் அருமை அப்போது புரியும்.

2. சாலைப்பெயர்: வீட்டிலிருந்து பள்ளிவரை உள்ள சாலைகளின் பெயர்களைக் குறித்து வரச் செய்யுங்கள். அவற்றுள் மனிதர் பெயர் எவை, மரத்தின் பெயர் எவை, வாய்க்காலின் பெயர் எவை என்று பிரிக்கட்டும். நம் மாவட்டத்தில் ‘பரிட்’ என்று தொடங்கும் ஊர்கள் மிகுதி. பரிட் என்றால் வாய்க்கால். சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி வாழ்வு அமைத்த மக்களின் கதை அதற்குள் இருக்கிறது.

3. பாட்டியின் பக்கம்: ஒவ்வொரு மாணவரும் குடும்பத்தில் மூத்த ஒருவரிடம் ஐந்து கேள்விகள் கேட்டு எழுதட்டும். எந்தத் தோட்டம், எந்த ஆண்டுவரை, என்ன வேலை, யார் ஆசிரியர், மறக்க முடியாத ஒருவர் யார். ஆண்டு, இடம், பெயர் மூன்றும் கட்டாயம். ஆண்டுதோறும் அவற்றைக் கட்டி நூலகத்தில் வையுங்கள். பத்தாண்டில் அது நம் ஊர்த் தமிழரின் வரலாற்று ஏடாகிவிடும்.

4. நமக்கொரு சின்னம்: வகுப்பிற்கோ குடும்பத்திற்கோ ஒரு சின்னம் வடிவமைக்கச் சொல்லுங்கள். நான்கு நிறங்களுக்கு மேற்படாமல், பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியவேண்டும். ஒவ்வொரு படத்திற்கும் காரணம் சொல்ல வேண்டும். காரணம் இல்லாத படத்தை நீக்கிவிட வேண்டும்.

5. தத்து மைந்தர் விழா: ஊருக்காக உழைத்த மூத்தவர் ஒருவரை ஆண்டுக்கொரு முறை மாணவர்களே தேர்ந்தெடுத்துப் பள்ளியில் சிறப்பிக்கட்டும். செலவு ஒரு பொன்னாடையும் ஒரு வாழ்த்து மடலும்தான். பெற்றோர் ஆசிரியர் சங்கம் மனம் வைத்தால் நடக்கும்.

நான்காவது பயிற்சியை என் வகுப்பில் செய்தபோது, அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவி கேடயம் ஒன்றை வரைந்தாள். மேற்பாதியில் கல்லும் உளியும். கீழ்ப்பாதியில் ஒரு மரம், அதன் பட்டையில் சாய்ந்த வெட்டு, அடியில் ஒரு கோப்பை. காரணம் கேட்டேன். “மேலே ஊர், கீழே பாட்டி” என்றாள். அதற்குமேல் அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

பெற்றோர்களே, இந்த வார இறுதியில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் பிள்ளையை உட்கார வைத்து, தாத்தா எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில், என்ன வேலை செய்தார் என்பதைச் சொல்லுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் தொலைபேசியில் கேளுங்கள். பிள்ளை அதை ஒரு தாளில் எழுதட்டும். ஆசிரிய நண்பர்களே, அந்தத் தாளை வாங்கிப் பத்திரப்படுத்துவது நம் வேலை.